காலைப் பேருந்துக்கு ஒரு விதிவிலக்கு

ஜனவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அப்பாவும் பரவாயில்லை. இதய அடைப்புக்குக் குழாய் வைத்த பிறகு ஒரு படி ஏறுவதற்குக்கூட என் முகத்தைப் பார்க்கிறார். செய்தித்தாளை மட்டும் யாரையும் கேட்காமல் முதல் வரியிலிருந்து அச்சகத்தின் முகவரி வரை படித்துவிடுகிறார். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் “நல்லாருக்கோம்” என்று சொன்ன கையோடு குட்டியிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

என்னைப் போக்குவரத்துக் குழுவில் போட்டிருக்கிறார்கள். தலைவரையும் சேர்த்து ஒன்பது பேர். எங்கள் முன்னால் ஒரே ஒரு மசோதா. அதற்காகத்தான் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு நான் தேர்தலில் நின்றேன் என்று உனக்குத் தெரியும். எந்த ஊருக்குச் சாலை, எந்த ஊருக்குப் பேருந்து என்பதை இதுவரை அமைச்சர் தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு முடிவு செய்தார். யார் அதிகமாகக் குழைந்தார்களோ அவர்கள் ஊருக்குக் கிடைத்தது. ஒரு அமைச்சரின் மாமனார் வீட்டு வாசல் வரைக்கும் நான்கு வழிச் சாலை போய் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். இனி அந்தக் கூத்து நடக்காது. ஒரு தடத்தில் எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்று எண்ணுவோம். அந்த எண்ணிக்கைதான் பணத்தைப் பிரிக்கும், ஆள் முகம் பிரிக்காது.

எங்கள் குழுவின் விதிப் புத்தகத்தில் இன்னொரு விதியும் சேர்த்திருக்கிறோம். ஒரு பிரிவால் உறுப்பினருக்கோ அவர் உறவுக்காரருக்கோ நேரடிப் பலன் உண்டென்றால், அதைச் சொல்லிவிட்டு வாக்களிக்காமல் வெளியே போய்விட வேண்டும். மறைத்தால் பதவி போய்விடும். அதைக் கேட்டு வாங்கியதே நான்தான். குழுவில் பாதிப் பேர் அன்றிலிருந்து என்னோடு டீ குடிப்பதில்லை.

குட்டிக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா? உன் மூக்குக் கண்ணாடிக் கடை வேலை எப்படிப் போகிறது? உடம்பைக் கவனித்துக்கொள். போன முறை பார்த்தபோது முகம் கொஞ்சம் வீங்கினாற்போல் இருந்தது. தூக்கம் போதவில்லையா?

பிரியத்துடன்,
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் அத்தானும் அப்பாவும் சுகமாக இருப்பது தெரிந்து நிம்மதி. நாங்கள் மூவரும் நலம். முகம் வீங்கினது தூக்கத்தினால்தான். நீயே கேள்வியும் கேட்டுப் பதிலும் சொல்லிவிட்டாய், எனக்கு வேலை மிச்சம்.

குட்டிக்கு ஒரு பல் முளைத்து ஒரு பல் விழுந்திருக்கிறது. கடைக்கு நான் வாரத்தில் மூன்று நாள்தான் இப்போது போகிறேன். பயப்படாதே, முதலாளியோடு சண்டை எதுவும் இல்லை. பக்கத்து மாடிவீட்டு அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அவருக்கு ஆள் இல்லை. நான் துணைக்குப் போகிறேன். மாப்பிள்ளைக்கு மின்கம்பிகளோடு வேலை, காலையில் ஏறினால் எப்போது இறங்குவார் என்று சொல்ல முடியாது. அதனால் குட்டியை எதிர்வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

காலைப் பேருந்தில்தான் போகிறோம். வளைவுக்கு வளைவு நின்று பெருமூச்சு விடும் வண்டி. ஆனால் அதை விட்டால் கீழே போக வேறு வழி இல்லை. உன் மசோதாவைப் பற்றி எழுதியிருந்தாயே, எங்கள் வண்டியில் பாதி இருக்கை காலியாகத்தான் போகிறது. ஆட்களை எண்ணினால் எங்களுக்கு என்ன ஆகும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அப்பா மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுகிறாரா? அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை


பிப்ரவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருப்பது படித்துச் சந்தோஷம்.

உன் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். மசோதா இப்போது இருக்கிறபடி நிறைவேறினால் உங்கள் காலைப் பேருந்து நின்றுவிடும். அதிகாரிகள் கொடுத்த பட்டியலைப் பார்த்தேன். குறைந்தபட்ச எண்ணிக்கைக்கும் கீழே இருக்கிறது உங்கள் தடம்.

உனக்குக் கோபம் வரும். எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒரு வண்டிக்கு விதிவிலக்கு கொடுத்தால், நாளைக்கே ஒவ்வொரு அமைச்சரும் தன் ஊர் வண்டிக்கு ஒரு காரணம் கொண்டுவருவார். கதவை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதையாகிவிடும். இதை நானே குழுவில் ஒரு மணி நேரம் பேசி எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்தேன். இப்போது நானே எப்படி மாற்றிப் பேசுவது?

இருந்தாலும் அந்த மாடிவீட்டு அம்மா மனதை விட்டுப் போகவில்லை. அவருக்கு என்ன செய்கிறார்கள், ஒரு நாள் போகாவிட்டால் என்ன ஆகும்? விவரமாக எழுது. எண்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனிதர்கள் மறந்துபோகிறார்கள் என்று உன் அத்தான் சொல்கிறார்.

நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? குட்டிக்கு என் முத்தம்.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

கேட்டதை எழுதுகிறேன். கையில் இரண்டு ஊசி போடுவார்களாம். ஒன்றின் வழியாக இரத்தம் வெளியே போய் இயந்திரத்தைச் சுற்றிவிட்டு இன்னொன்றின் வழியாகத் திரும்பி வருமாம். பாதி நாள் படுத்துக் கிடக்க வேண்டுமாம். முடித்து எழுந்தால் கால் தரையில் படுகிறதா இல்லையா என்றே தெரியாதாம். தண்ணீரை அளந்துதான் குடிக்கலாமாம். தாகம்தான் வலியைவிடக் கொடுமையாம். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் கொஞ்ச நேரம் தாங்குகிறது. ஒரு நாள் தவறினால் மூச்சு கனக்குமாம். இரண்டாவது நாளும் தவறினால் நுரையீரலில் நீர் சேர்ந்துவிடுமாம். அதற்குமேல் டாக்டர் சொல்லவில்லை, அந்த அம்மாவும் கேட்கவில்லை.

கீழே குடிபோகலாமே என்று நீ கேட்பாய். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். வீட்டுக்காரருக்கு வேலை மேலே, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் மேலே. உடம்பு ஒன்றுதான் கீழே போக வேண்டியிருக்கிறது.

பேருந்தில் அந்த அம்மா மட்டும் இல்லை. பிரசவத்துக்குப் போகிறவர்கள், கண்ணில் புரை விழுந்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள் எல்லோரும் வருகிறார்கள். ஒருவரும் விருப்பப்பட்டு ஏறுவதில்லை. அதனால்தானோ என்னவோ வண்டியில் சத்தமே இருக்காது.

நீ உன் மனசாட்சிப்படி செய். எனக்காக எதுவும் செய்யாதே.

உன் தங்கை


மார்ச் 16

அன்புள்ள சின்னவளுக்கு,

சுகமா? இங்கே அப்பாவுக்குச் சளி, மற்றபடி எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு குழுவில் எழுந்து, நான் முன்பு பேசியது தவறு என்று சொன்னேன். பதினான்காம் பிரிவில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: “மருத்துவமனைக்குச் செல்ல வேறு பொதுப் பேருந்து இல்லாத தடம், பயணிகள் எண்ணிக்கை எதுவாயினும், நிறுத்தப்படலாகாது.” யார் வேண்டுமானாலும் மருத்துவமனைப் பேரைச் சொல்லி நுழைந்துவிடாதபடி, ஆண்டுதோறும் யார் எதற்காகப் பயணம் செய்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும் என்றும் போட்டிருக்கிறேன்.

இப்போது அந்த வரியை எடுத்தே ஆக வேண்டும் என்று ஒருவர் நிற்கிறார். எல்லோரும் அவரைக் காண்ட்ராக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் முன்பு பேசிய அதே பேச்சை, என் வார்த்தைகளிலேயே, எனக்கு எதிராகப் பேசுகிறார். கேட்க வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அவர் பக்கம் நான்கு பேர், என் பக்கம் நான்கு பேர். சமமாக வந்தால் மட்டும் தலைவர் வாக்களிப்பார். இருக்கிற வாசகத்தை மாற்றாமல் விடுவதுதான் அவர் வழக்கம். ஆக, என் பக்கத்தில் ஒருவர் குறைந்தாலும் அந்த வரி போய்விடும். வாக்கெடுப்பு மே மாதத்தில்.

நான் பேசியதற்குப் பலம் எங்கிருந்து வந்தது தெரியுமா? “அந்த வண்டியில் போகும் நோயாளி யாரும் எனக்கு உறவில்லை. யாரோ ஒரு மாடிவீட்டு அம்மாவுக்காகப் பேசுகிறேன்” என்றேன்.

ஏப்ரலில் பொதுமக்களை அழைத்துக் கேட்கப் போகிறோம். அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. ஐந்து நிமிடம் பேசினால் போதும். என் வீட்டிலேயே தங்கலாம். அவருடைய பெயரையும் முகவரியையும் உடனே எழுதி அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலமா? அப்பாவின் சளி போய்விட்டதா?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை. அந்த அம்மாவால் வர முடியாது. அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர உடம்பு இடம் கொடுக்காது. பெயரையும் சொல்ல வேண்டாம் என்கிறார். கூச்ச சுபாவம். வற்புறுத்தினால் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார்.

விசாரணைக்கு வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளேன். நீ வக்கீல், உனக்குச் சாட்சி கிடைக்காதா?

உறவுக்காரர் பற்றி நீ வைத்த விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறதா?

நாங்கள் நலம்.

உன் தங்கை


ஏப்ரல் 18

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “அந்தத் தெருவுல மாடிவீடு எங்க வந்துச்சு? நான் ஒரு மாசம் இருந்திருக்கேன். எல்லாம் தரையோட தரையா ஓட்டு வீடுதானே.”

“புதுசா கட்டியிருப்பாங்கப்பா” என்றேன்.

“அப்படியா” என்றார். அன்று செய்தித்தாளைப் புரட்டவில்லை.

விசாரணை முடிந்தது. மலையிலிருந்து ஒரு தச்சர் வந்து, முறிந்த காலோடு பேசினார். நன்றாகத்தான் பேசினார். காண்ட்ராக்டர் எழுந்து, “அந்த மாடிவீட்டு அம்மா வரலியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

விதி அப்படியேதான் இருக்கிறது.

இன்னும் விசாரிக்க ஆசை. தாள் முடிந்துவிட்டது.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் வந்தது. தாள் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். கீழே பாதித் தாள் வெறுமையாக இருந்தது. அதையும் படித்தேன்.

புதிதாகக் கட்டியதுதான், அக்கா. அப்பாவிடம் அப்படியே சொல்.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். போன வாரம் கடைக்கு ஒருவர் வந்தார். பளபளவென்று செருப்பு. கண் மங்கலாக இருக்கிறது என்றார். சோதித்தேன். எழுத்துப் பலகையின் கடைசி வரியை மூச்சு விடாமல் படித்தார். “உங்க கண்ணு ரெண்டும் நல்லா இருக்குங்க” என்றேன்.

“அப்போ வெயில் கண்ணாடி குடுங்க” என்றார். பிறகு பேச்சோடு பேச்சாக, “இந்தப் பக்கம் மாடிவீடு ஏதாவது இருக்காம்மா? வாரம் மூணு தடவை ஆஸ்பத்திரிக்குப் போற அம்மா ஒருத்தங்க இருக்காங்களாமே?”

“எனக்குத் தெரியாதுங்க. நான் இந்தத் தெரு இல்ல.”

“பரவால்ல. பேருந்து நின்னா அவங்க கவலைப்பட வேணாம்னு சொல்லலாம்னு பார்த்தேன். நாங்கதான் வேன் விடப் போறோம். வண்டியெல்லாம் வந்திருச்சு. எங்க முதலாளியோட மச்சான் அந்தக் குழுவுலயே இருக்காரு. பேரைச் சொன்னா உங்களுக்கே தெரியும், காண்ட்ராக்டர்னு சொல்வாங்க.”

வேனுக்கு என்ன கட்டணம் என்று கேட்டேன். சொன்னார். வாரம் மூன்று முறை அதில் போனால் எங்கள் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டியதுதான். மாடிவீட்டு அம்மாவின் வீட்டில், என்று எழுத வந்தேன்.

அவர் போனபிறகு ஒரு கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டேன்.

நீ கேட்க நினைக்கிற எதையும் வாக்கெடுப்பு முடியும் வரை கேட்காதே. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, அதனால் உனக்குத் தெரியாது. அந்த அறையில் நீ உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. இங்கே வரவும் வேண்டாம்.

உன் தங்கை


மே 22

அன்புள்ள சின்னவளுக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் நீ பத்திரிகையில் பார்த்திருப்பாய். என் வாயால் சொல்வது என் கடமை.

நீ வர வேண்டாம் என்று எழுதினாய். நான் வந்தேன். வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால், உங்கள் ஊரில் ஒரு விடுதியில் தங்கி, காலையில் பேருந்து கிளம்பும் இடத்திலேயே ஏறிக் கடைசி இருக்கையில் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது நிறுத்தத்தில் நீ ஏறினாய். தனியாகத்தான் ஏறினாய். கண்டக்டர் உன்னிடம் எங்கே என்று கேட்கவில்லை. யாரோ ஒரு பெண் நகர்ந்து ஜன்னலோரம் இடம் விட்டாள். இரண்டாவது வளைவு வருவதற்குள் நீ அவள் தோளில் தூங்கிவிட்டாய். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நம் வீட்டில் யாரும் உனக்காக அப்படி உட்கார்ந்ததில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது உன் சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. முழங்கைக்கு உள்பக்கம் ஊசித் தழும்புகளோடு, கயிறு முறுக்கினாற்போல் நரம்பு புடைத்திருந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நீ இன்னொரு பொய் சொல்லியிருப்பாய். உன்னை அதற்குமேல் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். போடுவார்களாம், வருமாம், தெரியாதாம். எல்லா வரியிலும் ஜாக்கிரதையாக ஒரு ‘ஆம்’ வைத்திருக்கிறாய். ஐஸ் கட்டி வரியில் மட்டும் மறந்துவிட்டாய். வக்கீல் என்று பெயர், அதை அன்றே கவனிக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு வாக்களித்திருக்கலாம். அந்த ஒரு வாரமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே போனால் உன் பேருந்து போய்விடும். உட்கார்ந்தால், காண்ட்ராக்டரின் ஆள் என்றாவது உன்னைக் கண்டுபிடிப்பான். அன்று என் பதவி மட்டும் இல்லை, அந்த வரியும் சேர்ந்து போகும். அக்கா தன் தங்கைக்காக எழுதிக்கொண்ட சட்டம் என்பார்கள். இதெல்லாம் கணக்கு. கணக்குக்கு அப்பால் ஒன்று இருந்தது: விதியை எழுதியவளே முதலில் மீறினால், அந்த மாமனார் வீட்டுச் சாலைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

வாக்கெடுப்பு தொடங்கும்போது எழுந்தேன். “பதினான்காம் பிரிவுல வாக்களிக்க எனக்கு உரிமை இல்லை. என் தங்கச்சி அந்தப் பேருந்துலதான் சிகிச்சைக்குப் போறா. இந்த வரியைச் சேர்க்கும்போது எனக்குத் தெரியாது. இப்போ தெரியும்.”

காண்ட்ராக்டர் மெதுவாகச் சிரித்தார். “அப்போ அந்த வரியே செல்லாதுங்க, தலைவரே.”

தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சேர்த்தது குழு. அவங்க ஒருத்தர் இல்ல. அது செல்லுமா செல்லாதான்னுதான் இப்போ வாக்கெடுப்பு.” பிறகு விதிப் புத்தகத்தைத் திருப்பினார். “ஒருத்தர் இப்படிச் சொன்னா, மத்த ஒவ்வொருத்தரையும் கேட்டுப் பதிவு பண்ணணும்னு இருக்கு. இது வரைக்கும் யாரும் சொன்னதில்ல, அதனால நானும் கேட்டதில்ல. வரிசையாக் கேட்கிறேன்.”

இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். காண்ட்ராக்டரின் முறை வந்தது.

“எனக்கு வண்டி எதுவும் கிடையாது.”

“உங்களுக்கு இருக்கான்னு கேட்கல. உறவுக்காரங்களுக்கு இருக்கான்னு கேட்கிறேன். யோசிச்சுச் சொல்லுங்க. பதிவாகுது.”

அவர் தண்ணீர் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். அதில் தண்ணீர் இல்லை. பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். நானும் அவருக்குப் பின்னால் வெளியே வந்தேன். நீ எழுதிய வேன் விஷயத்தை நான் அங்கே சொல்லவே இல்லை. சொல்லியிருப்பேனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. இருவரும் அதில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பேச்சு நீண்டது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “மச்சான் மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு தெரியல” என்றார். கைக்குட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்: “தங்கச்சிக்கு இப்போ எப்படி இருக்குங்க?”

சின்னவளே, எனக்குப் பதில் தெரியவில்லை. எப்போதிலிருந்து, எந்த டாக்டர், எத்தனை நாள் தவறியது, எதுவும் தெரியாது. “தெரியலீங்க” என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

கதவு திறந்தது. உள்ளே மூன்றுக்கு மூன்று என்று சமமாக வந்து, தலைவர் இருக்கிறது இருக்கட்டும் என்று விட்டுவிட்டாராம். வரி நின்றுவிட்டது. அடுத்த மாதம் சபையில் நிறைவேறிவிடும். உன் பேருந்து ஓடும்.

உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தை ஊர் அறியச் சொல்லிவிட்டேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

எப்படி இருக்கிறாய்? உண்மையாகக் கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள சின்னவளுக்கு,

சுகமா? உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் செய்தால் மாப்பிள்ளை எடுக்கிறார். “தூங்குறாங்க அண்ணி” என்கிறார். காலையிலும் அதே, மாலையிலும் அதே. அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை, பாவம்.

சபையில் நேற்று நிறைவேறியது. நான் வாக்களிக்கவில்லை. மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

உன் விஷயத்தை அப்பா போன மாதமே செய்தித்தாளில்தான் படித்தார். ஒளித்து வைக்கலாம் என்று போனேன், அதற்குள் எடுத்துவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று மாத்திரையோடு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. “மாடிவீடுன்னதும் எனக்குத் தெரிஞ்சிருச்சு” என்றார். அதுவரை எங்கள் இருவரில் யார் யாருக்கு மறைத்தோம் என்று தெரியவில்லை. உன் பதில் வராமல் போக, இன்று காலை ஒரு பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். டாக்டரைக் கேட்க வேண்டும் என்றேன். “நீ கேளு. நான் கிளம்புறேன்” என்றார்.

திட்டியாவது எழுது.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா இங்கே நன்றாக இருக்கிறார். மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுகிறார். ஏறுவதற்கு இங்கே படியே இல்லாததால் அந்தப் பயமும் இல்லை.

திட்டி எழுது என்றாய். எழுதிய மூன்று கடிதங்களைக் கிழித்துவிட்டேன். இதுதான் மிச்சம். அந்தச் செய்தி வந்த நாளில் குட்டி பள்ளிக்கூடத்திலிருந்து அழாமல் வந்தாள். பையைக் கழற்றாமல் நின்றுகொண்டு, “அம்மா, நீ செத்துப் போயிடுவியா?” என்றாள். யாரோ ஒரு பிள்ளையின் அம்மா பேப்பரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு நான் சொல்வதற்கு ஒரு நாளைக் குறித்து வைத்திருந்தேன். எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதுகூட யோசித்து வைத்திருந்தேன். அதை நீ எடுத்துக்கொண்டாய். பேருந்தைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டாய். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு என்று உன் சட்டத்தில் இருக்கலாம். என் வீட்டில் இல்லை.

கடைக்காரர் என்னை உட்கார வைத்தே வேலை வாங்குகிறார். எதிர்வீட்டில் குட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். மாப்பிள்ளை கம்பத்திலிருந்து இறங்கினதும் எனக்குப் போன் செய்கிறார். இதற்கெல்லாம் பயந்துதான் மாடிவீடு கட்டினேன். அது என் வீடு, நீ இடித்துவிட்டாய்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். போன ஆண்டு செப்டம்பரில் தெரிந்தது. வாரம் மூன்று முறை. ஒரே ஒரு நாள் தவறியது, மழையில் பாதை சரிந்தபோது. அன்று இரவு உட்கார்ந்தே விடிந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம், வரிசை நீளம். மாப்பிள்ளைக்குப் பொருந்தவில்லை. உன்னைக் கேட்கச் சொல்லி அவர் சொல்கிறார். நான் கேட்கவில்லை. இந்தத் தாளில் இடம் இருக்கிறது, இருந்தும் கேட்கவில்லை. நீயாக ஒன்றும் சொல்லிவிடாதே, இப்போதைக்கு.

புதிய சட்டப்படி நேற்று ஒரு பெண் பேருந்தில் ஏறினாள். கழுத்தில் அட்டை, கையில் காகிதக் கட்டு. யார் எதற்காகப் போகிறார்கள் என்று கேட்டு எழுதுகிறாளாம். முன் இருக்கையிலிருந்து தொடங்கினாள். எங்கள் வண்டியில் யாரும் யாரிடமும் அதைக் கேட்டதில்லை. ஒருவர் கண் என்றார். ஒருவர் பேரன் பிறந்திருக்கிறான் என்றார். எப்போதும் எனக்குத் தோள் கொடுக்கிற அந்தப் பெண், மார்பில் கட்டி என்று வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒரு ஆண்டாக அவள் தோளில் தூங்குகிறேன், எனக்குத் தெரியாது.

என்னிடம் வந்தாள். “நீங்க எதுக்காகப் போறீங்க?”

“டயாலிசிஸ்” என்றேன்.

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

அதை அவள் எழுதும் வரை காத்திருந்தேன். பிறகு என் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து, “பெரியவரே, நீங்க?” என்றாள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “இவளுக்குத் துணைக்கு.”

“அந்தக் காரணம் இதுல இல்லீங்களே” என்று அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இல்லேன்னா என்னம்மா. எழுதிக்கோ” என்றார் அப்பா.

அவள் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். அடுத்த கூட்டத்தில் உன் குழுவிடம் அதைச் சேர்க்கச் சொல். அப்பாவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அத்தானை விசாரித்ததாகச் சொல். என் கோபம் இன்னும் போகவில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை